ரிம்வேர்ல்டின் டெஃப் கோப்புகள்: மாட் செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

ரிம்வேர்ல்டில் சுவரின் உறுதியைக் கூட்டவோ, புதிதாக ஒரு கத்தியைச் சேர்க்கவோ, ஒரு நோயின் கடுமையைக் குறைக்கவோ நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. லுடியான் ஸ்டூடியோஸ் இந்த விளையாட்டின் பொருட்கள், விலங்குகள், நோய்கள், ஆராய்ச்சிகள் எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அவற்றில் ஒரு பொருளையோ நோயையோ ஆராய்ச்சியையோ விவரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு டெஃப். சாதாரண நோட்பேடில் திறந்து படிக்கலாம். மாட் என்பது ஆடுபவர்களே விளையாட்டில் சேர்க்கும் மாற்றம், அதைச் செய்பவர்கள் மாடர்கள். மாடர்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் விளையாட்டு அபூர்வம்.

புதிதாக வருபவர்கள் எக்ஸ்எம்எல்லைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது உண்மையில் சுலபமான பகுதி. ஒரு டேக்கை, அதாவது கோண அடைப்புக்குள் எழுதும் பெயரை, திறந்தால் மூட வேண்டும் என்பது சீக்கிரம் பழகிவிடும். பலரை வாரக்கணக்கில் திணறடிப்பது வேறு: விளையாட்டு இந்தக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்கிறது, எந்தக் கட்டத்தில் எதைச் செய்கிறது என்பது. அந்த வரிசை தெரியாதவரை பிழைச்செய்திகள் புதிராகவே இருக்கும். தெரிந்த பிறகு, செய்தியைப் படித்தவுடனே எங்கே கை வைப்பது என்று புரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. டேக்குகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே விளையாட்டின் சொந்தக் கோப்பில் அதே டேக்கைத் தேடிப் பிடித்து நகலெடுங்கள். பல வருடம் மாட் செய்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், நினைவிலிருந்து தட்டச்சு செய்வதில்லை.

1. கோர் ஃபோல்டரைப் படியுங்கள், தொடாதீர்கள்

விளையாட்டை நிறுவிய இடத்தில் டேட்டா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கோர், அதற்குள் டெஃப்ஸ். அடிப்படை விளையாட்டின் எக்ஸ்எம்எல் முழுக்க அங்கேதான். ராயல்டி, ஐடியாலஜி, பயோடெக், அனாமலி, ஒடிசி போன்ற விரிவாக்கங்களை வாங்கியிருந்தால் அவையும் கோருக்குப் பக்கத்திலேயே தனித்தனி ஃபோல்டர்களாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. விளையாட்டின் சொந்த உள்ளடக்கமே ஒரு மாட் போலத்தான் ஏற்றப்படுகிறது. அவர்கள் எக்ஸ்எம்எல்லில் செய்ததை நீங்களும் எக்ஸ்எம்எல்லில் செய்யலாம்.

டேட்டா ஃபோல்டரை முழுசாக விஷுவல் ஸ்டூடியோ கோடிலோ நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸிலோ திறந்து வையுங்கள். எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடும் வசதி இரண்டிலும் உண்டு, அதுதான் உங்கள் முக்கியமான கருவி. விளையாட்டில் ஒரு பொருளின் பெயர் என்னவென்று பார்த்து, அந்தப் பெயரைத் தேடினால் அதன் டெஃப் கிடைக்கும்.

அங்கே எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த அப்டேட் வந்தால் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். அழியாவிட்டாலும் அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

2. மாடின் எலும்புக்கூடு

நிறுவிய இடத்திலேயே மாட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் மாடின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் அபவுட் என்ற ஃபோல்டரில் அபவுட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு கட்டாயம் வேண்டும். தேவைக்கேற்ப டெஃப்ஸ், பேட்சஸ், டெக்ஸ்சர்ஸ், சவுண்ட்ஸ், லாங்குவேஜஸ் ஃபோல்டர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். சி ஷார்ப் நிரல் எழுதினால் அசெம்பிளீஸ் ஃபோல்டரும் வரும், இங்கே அது தேவையில்லை.

அபவுட் கோப்பில் மாடின் பெயர், ஆசிரியர் பெயர், விவரம், எந்தப் பதிப்புகளில் ஓடும் என்ற பட்டியல், பேக்கேஜ்ஐடி ஆகியவை இருக்கும். பேக்கேஜ்ஐடிதான் உங்கள் மாடின் நிரந்தர அடையாளம். உங்கள் பெயர், ஒரு புள்ளி, மாடின் பெயர் என்று வைப்பது வழக்கம். புள்ளி கட்டாயம், இடைவெளி கூடாது. ஒருமுறை வெளியிட்ட பிறகு இதை மாற்றாதீர்கள். மற்ற மாட்கள் உங்களுடையதை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான்.

இன்னொரு மாடுக்குப் பிறகுதான் உங்களுடையது ஏற வேண்டும் என்றால் லோட்ஆஃப்டர் பட்டியலில் அதன் பேக்கேஜ்ஐடியைப் போடுங்கள். அது இல்லாமல் உங்களுடையது ஓடவே ஓடாது என்றால் மாட்டிபெண்டன்சீஸ். இரண்டும் வேறு வேறு. முன்னது வரிசையை மட்டும் சொல்கிறது, பின்னது தேவையைச் சொல்கிறது.

3. ஒரு டெஃப் எப்படி இருக்கும்

டெஃப்ஸ் ஃபோல்டருக்குள் உள்ஃபோல்டர்களையும் கோப்புகளையும் எப்படி வேண்டுமானாலும் பெயரிடலாம். விளையாட்டு கோப்பின் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் டேக்குகள்தான் கணக்கு. புதிய கத்தி ஒன்றின் தொடக்கத்தைப் பாருங்கள்:

<டெஃப்ஸ்>
  <திங்டெஃப் பேரண்ட்நேம்="பேஸ்மிலீவெப்பன்_ஷார்ப்_குவாலிட்டி">
    <டெஃப்நேம்>ஆர்கே_லாங்நைஃப்</டெஃப்நேம்>
    <லேபிள்>லாங் நைஃப்</லேபிள்>
    <ஸ்டாட்பேசஸ்>
      <வொர்க்டூமேக்>6000</வொர்க்டூமேக்>
      <மாஸ்>1.2</மாஸ்>
    </ஸ்டாட்பேசஸ்>
    <காஸ்ட்ஸ்டஃப்கவுண்ட்>40</காஸ்ட்ஸ்டஃப்கவுண்ட்>
  </திங்டெஃப்>
</டெஃப்ஸ்>

இது முழு ஆயுதம் அல்ல. படம், தாக்கும் முறைகள் எல்லாம் இன்னும் வர வேண்டும். கோரில் உள்ள கத்தியின் டெஃபை முழுசாக நகலெடுத்து, பெயரை மாற்றி, பிறகு எண்களில் கை வைப்பதுதான் சரியான வழி.

திங்டெஃப் என்பது வகை. பொருட்கள், கட்டடங்கள், விலங்குகள், செடிகள் எல்லாம் இதில் அடக்கம். தயாரிப்பு முறைக்கு ரெசிபிடெஃப், நோய்க்கும் காயத்துக்கும் ஹெடிஃப்டெஃப், ஆராய்ச்சிக்கு ரிசர்ச்ப்ராஜெக்ட்டெஃப் என்று வகைகள் நீள்கின்றன.

டெஃப்நேம் விளையாட்டுக்கு மட்டும், லேபிள் ஆடுபவர் கண்ணுக்கு. டெஃப்நேமில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, சிறுகோடு தவிர வேறெதுவும் கூடாது. ஒரே வகைக்குள் ஒரே டெஃப்நேம் இரண்டு மாட்களில் இருந்தால் பின்னால் ஏற்றப்படுவது முன்னதை அடியோடு மாற்றிவிடும். அதனால்தான் முன்னால் ஆர்கே என்று ஒரு முன்னொட்டு போட்டிருக்கிறேன். உங்களுக்கென்று சில எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து எல்லா டெஃப்நேமிலும் போடுங்கள்.

உள்ளே இருக்கும் டேக்குகள் எங்கிருந்து வருகின்றன? விளையாட்டின் நிரலில் ஒவ்வொரு மதிப்பையும் வைத்திருக்கும் ஃபீல்டு என்ற இடங்களின் பெயர்களே இங்கே டேக்குகளாக எழுதப்படுகின்றன. ஒரு எழுத்து பிசகினாலும் விளையாட்டுக்கு அப்படி ஒரு ஃபீல்டு தெரியாது. சில இடங்களில் மட்டும் டேக்கின் பெயரே இன்னொரு டெஃபின் டெஃப்நேமாக இருக்கும். ஸ்டாட்பேசஸுக்குள் இருக்கும் மாஸ் அப்படிப்பட்டது, அது ஒரு ஸ்டாட்டெஃப். காஸ்ட்லிஸ்டுக்குள் வரும் ஸ்டீலும் அப்படித்தான். பட்டியல்களில் ஒவ்வோர் உறுப்பும் எல்ஐ என்ற டேக்குக்குள் இருக்கும்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டின் கடிகாரம் டிக்கில் ஓடுகிறது. சாதாரண வேகத்தில் நொடிக்கு 60 டிக். விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம் 2500 டிக், ஒரு நாள் 60,000 டிக். ஓர் ஆண்டு என்பது 60 நாள். வொர்க்டூமேக் 6000 என்று எழுதினால், திரையில் அதை 60 ஆல் வகுத்து 100 என்று காட்டும். இது தெரியாமல் திரையில் பார்த்த எண்ணைக் கோப்பில் எழுதினால் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தயாராகிவிடும். எடை கிலோகிராமில். குறைந்தது அதிகபட்சம் என்று வரம்பு கொடுக்கும் இடங்களில் இரண்டு எண்களுக்கு நடுவே அலைக்கோடு போடுவார்கள்: 10~20.

4. தாயிடமிருந்து வருவது

மேலே உள்ள கத்தியில் பேரண்ட்நேம் இருந்ததைக் கவனித்தீர்களா? எல்லாக் கத்திகளுக்கும் வாள்களுக்கும் பொதுவான விவரங்கள் ஒரு தாய் டெஃபில் இருக்கின்றன. நம் கத்தி அதிலிருந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, தனக்கென்று சிலவற்றை மாற்றிக்கொள்கிறது.

தாய் டெஃபைப் பார்த்தால் அதன் தொடக்க டேக்குக்குள்ளேயே நேம் என்ற பண்பு இருக்கும். பெரும்பாலும் ஆப்ஸ்ட்ராக்ட் என்ற பண்பும் ட்ரூ என்று இருக்கும், அதாவது அது வெறும் அச்சு, விளையாட்டில் அப்படி ஒரு பொருள் கிடையாது. பேரண்ட்நேம் தேடுவது இந்த நேமைத்தான், டெஃப்நேமை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். கோரில் இருக்கும் ஒரு பொருளின் டெஃப்நேமைப் பேரண்ட்நேமில் எழுதினால், அந்த டெஃபுக்கு நேம் இல்லாதவரை தாய் கிடைக்காது.

சேர்க்கும் விதிகள் மூன்று. ஒற்றை மதிப்பு என்றால் பிள்ளையுடையதே நிற்கும். ஸ்டாட்பேசஸ் போல உள்ளே டேக்குகள் கொண்டவை டேக் டேக்காக ஒன்று சேரும். நீங்கள் மாஸ் மட்டும் எழுதினால் மற்றவை தாயிடமிருந்து வந்துவிடும். எல்ஐ பட்டியல்கள் அழியாமல் நீளும்: தாயின் உறுப்புகளோடு உங்களுடையவையும் சேர்ந்துகொள்ளும். தாயின் பட்டியலே வேண்டாம் என்றால், பிள்ளையில் அந்த டேக்கில் இன்ஹெரிட்="ஃபால்ஸ்" என்று எழுத வேண்டும்.

5. விளையாட்டு படிக்கும் வரிசை

இனி முக்கியமான இடம். விளையாட்டு தொடங்கும்போது நடப்பது இதுதான்.

முதலில் மாட் பட்டியலில் மேலிருந்து கீழாகப் போய், ஒவ்வொன்றின் டெஃப்ஸ் ஃபோல்டரில் உள்ள எல்லா எக்ஸ்எம்எல்லையும் படிக்கிறது. பிறகு அத்தனையையும் ஒரே ஒரு பெரிய ஆவணமாகக் கோர்க்கிறது. கோர், விரிவாக்கங்கள், நூற்றுக்கணக்கான மாட்கள் என்று எது இருந்தாலும் டெஃப்ஸ் என்ற ஒரே வேருக்குக் கீழே வந்துவிடும்.

அடுத்து, அந்தப் பெரிய ஆவணத்தின் மேல் பேட்ச்கள், அதாவது அதில் குறிப்பிட்ட இடங்களை மட்டும் மாற்றும் கட்டளைகள், ஓடுகின்றன. இதுவும் மாட் பட்டியலின் வரிசையில்தான்.

பேட்ச்கள் முடிந்த பிறகே தாய் பிள்ளை உறவு தீர்க்கப்படுகிறது. தாயின் விவரங்கள் பிள்ளைக்கு வந்து சேர்வது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு ஒவ்வொரு எக்ஸ்எம்எல் துண்டும் நிரலுக்குள் ஓர் உண்மையான பொருளாக மாறுகிறது. டேக் பெயரும் ஃபீல்டு பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இப்போது. ஒரே டெஃப்நேம் மோதினால் பின்னது முன்னதை மாற்றுவதும் இதற்குப் பிறகுதான்.

அதன்பின் டெஃப்நேம்களால் சொல்லப்பட்ட தொடர்புகள் இணைக்கப்படுகின்றன. ஸ்டீல் என்று நீங்கள் எழுதியது வெறும் எழுத்துதான். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு திங்டெஃப் இருக்கிறதா என்று இங்கே தேடுகிறது.

இதுதவிர, விளையாட்டு தானாகவே உருவாக்கும் டெஃப்களும் உண்டு. பிணங்கள், இறைச்சி வகைகள், கட்டடத்தின் வரைபடம், பாதி கட்டிய சட்டகம் எல்லாம் எந்த எக்ஸ்எம்எல்லிலும் எழுதப்பட்டவை அல்ல, நிரல் அவற்றை மற்ற டெஃப்களிலிருந்து உருவாக்குகிறது. பேட்ச் ஓடும் நேரத்தில் அவை இருக்கவே இருக்காது. மாட்டிறைச்சியின் டெஃபைப் பேட்ச் செய்ய முயன்று தேடித் தேடிக் களைப்பவர்களுக்கு விடை இதுதான்.

இந்த வரிசையை எழுதி மேசையில் ஒட்டிவைக்கலாம், அவ்வளவு பயன்படும்.

6. பேட்ச் எழுதுவது

சுவரின் உறுதியை 300லிருந்து 450 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் டெஃபை அப்படியே நகலெடுத்து உங்கள் மாடில் போட்டு எண்ணை மாற்றினால் வேலை நடக்கும். ஆனால் வேறொரு மாட் அதே சுவரில் செய்த மாற்றம் அடிபட்டுப்போகலாம், விளையாட்டின் அடுத்த பதிப்பில் சுவருக்கு வரும் புதிய விவரமும் உங்கள் பழைய நகலில் இருக்காது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேண்டிய ஒரே இடத்தை மட்டும் தொடுங்கள். பேட்சஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பு:

<பேட்ச்>
  <ஆபரேஷன் கிளாஸ்="பேட்ச்ஆபரேஷன்ரீப்ளேஸ்">
    <எக்ஸ்பாத்>டெஃப்ஸ்/திங்டெஃப்[டெஃப்நேம்="வால்"]/ஸ்டாட்பேசஸ்/மேக்ஸ்ஹிட்பாயிண்ட்ஸ்</எக்ஸ்பாத்>
    <வேல்யூ>
      <மேக்ஸ்ஹிட்பாயிண்ட்ஸ்>450</மேக்ஸ்ஹிட்பாயிண்ட்ஸ்>
    </வேல்யூ>
  </ஆபரேஷன்>
</பேட்ச்>

எக்ஸ்பாத் என்பது அந்தப் பெரிய ஆவணத்துக்குள் ஓர் இடத்தின் முகவரி. வேரிலிருந்து தொடங்கி, சதுர அடைப்புக்குள் நிபந்தனை சொல்லி, சாய்கோடு சாய்கோடாக இறங்குகிறது. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் ஆவணம் முழுக்கத் தேடும். வேலை செய்யும், ஆனால் பெரிய மாட் பட்டியலில் விளையாட்டு தொடங்கும் நேரத்தை இழுத்துவிடும். முழு முகவரியை எழுதுங்கள்.

ரீப்ளேஸ் அந்த டேக்கையே தூக்கிவிட்டு வேல்யூவில் உள்ளதை வைக்கிறது. அதனால்தான் வேல்யூவுக்குள் வெறும் 450 போடாமல் டேக்கோடு எழுதுகிறோம். ஆட் என்ற ஆபரேஷன், முகவரி காட்டும் டேக்கின் உள்ளே சேர்க்கும். இன்சர்ட் அதற்குப் பக்கத்தில் சேர்க்கும். ரிமூவ் எடுத்துவிடும்.

450 என்பது அடிப்படை எண் மட்டுமே. எந்தப் பொருளால் கட்டுகிறோமோ அதன் பெருக்கம் பிறகு வரும். கிரானைட்டின் பெருக்கம் 1.7 என்பதால் 300 உள்ள சுவர் 510 ஆகிறது. நம் பேட்சுக்குப் பிறகு 765. சமநிலை பார்த்து எண் வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இப்போது 5ஆம் பகுதியின் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் ஓடும்போது தாயின் விவரம் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. நீங்கள் மாற்ற நினைக்கும் எண் அந்தப் பொருளின் டெஃபிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் ரீப்ளேஸுக்குக் கிடைக்கும். தாயிடமிருந்து வருவது என்றால் அந்த முகவரியில் எதுவும் இருக்காது, பேட்ச் தோற்றுவிடும். விளையாட்டுக்குள் அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கிறோம், பேட்ச் மட்டும் இல்லை என்கிறது என்று குழம்புவது இதனால்தான்.

அப்போது இரண்டு வழி உண்டு. பிள்ளையின் ஸ்டாட்பேசஸுக்குள் ஆட் மூலம் அந்த டேக்கைச் சேர்க்கலாம், பிறகு பரம்பரை தீர்க்கப்படும்போது பிள்ளையின் எண்ணே நிற்கும். அல்லது தாயையே மாற்றலாம், முகவரியில் டெஃப்நேமுக்குப் பதிலாக அட் குறியோடு @நேம் என்று நிபந்தனை போட வேண்டும். ஆனால் தாயை மாற்றினால் எல்லாப் பிள்ளைகளும் மாறும், அது உங்கள் நோக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதபோது கண்டிஷனல் கைகொடுக்கும். ஒரு முகவரியைக் கொடுத்து, இருந்தால் மேட்ச் பகுதியில் ரீப்ளேஸ், இல்லாவிட்டால் நோமேட்ச் பகுதியில் ஆட் என்று எழுதிவிடலாம். மற்ற மாட்களோடு சேர்ந்து ஓட வேண்டிய பேட்ச்களை நான் இப்படித்தான் எழுதப் பரிந்துரைப்பேன். நான்கு வரி கூடுதல், பிழைகள் பாதியாகக் குறையும்.

பட்டியல்களில் எல்ஐ[1], எல்ஐ[2] என்று இடத்தை எண்ணி எழுதாதீர்கள். இன்னொரு மாட் நடுவில் ஒன்றைச் சேர்த்தால் உங்கள் பேட்ச் வேறு உறுப்பைத் தொட்டுவிடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. உள்ளே இருக்கும் லேபிளையோ எழுத்தையோ நிபந்தனையாக வையுங்கள்.

சீக்வென்ஸ் என்பது பல ஆபரேஷன்களை வரிசையாக ஓட்டும், ஒன்று தோற்றால் அங்கேயே நின்றுவிடும். ஒன்றையொன்று சார்ந்தவற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தொடர்பில்லாதவற்றைத் தனித்தனி ஆபரேஷனாக வைத்தால் ஒன்றின் தோல்வி மற்றதைப் பாதிக்காது.

7. இல்லாத மாடுக்கும் இடம் கொடுப்பது

ஆடுபவரிடம் ராயல்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு டெஃபிலோ பட்டியல் உறுப்பிலோ மேரிக்வயர் என்ற பண்பில் அதன் பேக்கேஜ்ஐடியைப் போட்டால், அது இருந்தால் மட்டுமே அந்தத் துண்டு படிக்கப்படும். பேட்சில் இதே வேலைக்கு ஃபைண்ட்மாட் இருக்கிறது. கவனம்: மேரிக்வயர் கேட்பது பேக்கேஜ்ஐடி, ஃபைண்ட்மாட் கேட்பது மாடின் பெயர், அபவுட் கோப்பில் எழுதியிருக்கும் அதே வடிவில்.

பல பதிப்புகளுக்கு ஒரே மாடைக் கொடுக்க வேண்டுமானால் 1.5, 1.6 என்று பதிப்பு எண்ணிலேயே ஃபோல்டர் வைத்து அதற்குள் டெஃப்ஸ், பேட்சஸ் போடலாம். பொதுவானவை காமன் என்ற ஃபோல்டரில்.

8. சிவப்பு வரிகளைப் படிப்பது

ஆப்ஷன்ஸில் டெவலப்மெண்ட் மோடை இயக்குங்கள். பிழை வந்தால் பதிவு ஜன்னல் திறக்கும். விண்டோஸில் முழுப் பதிவும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ ஃபோல்டரில், லுடியான் ஸ்டூடியோஸ் பெயரில் உள்ள இடத்தில் ப்ளேயர் என்ற லாக் கோப்பாக இருக்கும்.

எப்போதும் முதல் சிவப்பு வரியிலிருந்து தொடங்குங்கள். கீழே வருபவற்றில் பல அதன் விளைவுகளாகவே இருக்கும்.

டேக் எந்த ஃபீல்டோடும் ஒத்துப்போகவில்லை என்று வந்தால் எழுத்துப்பிழை, அல்லது டேக் ஒரு நிலை தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது பழைய பதிப்பின் பெயர். பேட்ச் ஆபரேஷன் தோற்றது என்றால் முகவரி எதையும் காட்டவில்லை, 6ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். ஒரு பெயரில் திங்டெஃப் கிடைக்கவில்லை என்றால் டெஃப்நேமில் பிழை, இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் கொடுக்கும் மாட் ஏற்றப்படவில்லை, அதுவும் இல்லாவிட்டால் அந்த டெஃபே மேலே வேறு பிழையால் விழுந்துவிட்டது. கோப்பையே படிக்க முடியவில்லை என்றால் மூடாத டேக், அல்லது விவரத்தில் நேரடியாக எழுதிய ஆம்பர்சாண்ட் குறி. கருத்துரைக்குள் இரண்டு சிறுகோடு அடுத்தடுத்து வந்தாலும் எக்ஸ்எம்எல் அதை ஏற்காது.

டெஃப்களைத் திருத்தினால் விளையாட்டை மூடித் திறந்து சோதியுங்கள். சோதிக்கும்போது உங்கள் மாடை மட்டும் கோரோடு ஏற்றினால் தொடங்கும் நேரமும் குறையும், சிவப்பு வரி யாருடையது என்ற சந்தேகமும் வராது. அதில் சுத்தமாக ஓடிய பிறகு பெரிய பட்டியலில் வைத்துப் பாருங்கள்.

9. வெளியிட்ட பிறகு

சேமித்த ஆட்டங்கள் பொருட்களை டெஃப்நேமால்தான் நினைவில் வைத்திருக்கின்றன. லேபிளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எண்களையும் மாற்றலாம். டெஃப்நேமை மாற்றினால், உங்கள் கத்தியைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் ஆட்டத்திலிருந்தும் அது காணாமல் போகும், ஏற்றும்போது பிழைகளும் வரும். ஒரு பொருளை மாடிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தாலும் டெஃபை உடனே நீக்காதீர்கள். அதை இனி தயாரிக்க முடியாதபடி மட்டும் செய்துவிட்டு, டெஃபை அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது, புதிய ஆட்டம் தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு நீக்கிக்கொள்ளலாம்.